சபூறாவின் முப்பத்துமூன்றாவது பல்

ஆதமின் மக்களுக்கு அல்லாஹ் அளந்து கொடுத்த பல் முப்பத்திரண்டு. மருதமுனைச் சபூறாவுக்கு முப்பத்துமூன்று. இது ஊர்வாயில் அடிபட்ட கணக்கு அல்ல. அவளுடைய கணவன் ஜவுபர், கலியாணம் முடிந்த ஏழாம் நாள், அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து விரல் விட்டு எண்ணிய கணக்கு. முதல் தரம் எண்ணி நம்பாமல் இரண்டாம் தரம் எண்ணப் போய்க் கடி வாங்கினான். அந்தக் கடியில் முப்பத்துமூன்றாவது பல்லுக்குப் பங்கில்லை. அது கடிக்கிற இடத்திலேயே இருக்கவில்லை. மற்றவை எல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்க, அது மட்டும் மேல்வாயின் முன்பக்கத்தில், அண்ணம் பிளந்திருந்த இடத்தில், மூக்கைப் பார்த்து முளைத்திருந்தது.

சபூறா பிறக்கும்போதே மேலுதடும் அண்ணத்தின் முன்பக்கமும் பிளந்திருந்தன. கிரகணத்தன்று அவளுடைய உம்மா பூசணிக்காய் வெட்டியதால் வந்த வினை என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடம் கிரகணமே பிடிக்கவில்லை என்று உம்மா மௌத்தாகும்வரை வாதாடினாள். பூசணிக்காய் வெட்டியதை மட்டும் அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது மட்டக்களப்புக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார டொக்டர் உதட்டைத் தைத்துவிட்டார். உள்ளே அண்ணத்தை யாரும் தொடவில்லை. அங்கே சுண்டுவிரல் நுனி நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை நிலைத்துவிட்டது.

தேத்தண்ணீர் குடித்தால் பாதி மூக்கால் வந்தது. கதைத்தால் பேச்சும் அந்த வழியாகவே போனது. பல்லையும் உதட்டையும் அழுத்திச் சொல்லவேண்டிய சொல் எதுவானாலும், வாய்க்கு வரவேண்டிய காற்று மூக்கால் இறங்கிவிடும். கடைக்காரரிடம் பப்பாசி கேட்டால் அவர் மூன்று தரம் "என்ன?" என்பார், நாலாம் தரம் உப்பைக் கட்டிக் கொடுப்பார். ஊர் அவளுக்கு மூக்குச் சபூறா என்று பேர் வைத்தது. பேர் வைப்பதில் மட்டும் நம் ஊர்களுக்கு ஒருநாளும் சோம்பல் வந்ததில்லை.

அவள் வேலை செய்தது ஒரு தறிக் கொட்டிலில். அங்கே பத்துத் தறிகள் ஒன்றாக அடித்துக்கொண்டிருக்கும். இவள் மூலையில் இருந்து சின்னக் குழல்களில் நூல் சுற்றுவாள். அந்தச் சத்தத்தில் எவர் பேசினாலும் எவருக்கும் விளங்காது. எல்லாரும் கையாலும் கண்ணாலும்தான் கதைப்பார்கள். உலகத்திலேயே தான் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று சபூறா நினைத்திருந்தாள். அங்கே ஒரு தறியில் இருந்தவன்தான் ஜவுபர். கண்ணால் கதைத்துப் பழகி, பிறகு உம்மா வாப்பாவுக்குச் சொல்லி, முறைப்படி கலியாணமும் முடித்துக்கொண்டான்.

முடித்த நாளிலிருந்து அவன் அவளுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனான். அவள் சொல்வது அவனுக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் விளங்கியது. எப்படி விளங்கியது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அந்த உத்தியோகத்தில் அவன் நேர்மையானவன் என்று சொல்லிவிட முடியாது. விருந்துக்குப் போன வீட்டில், இறைச்சி போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று சபூறா சொல்வாள். "இறைச்சி நல்ல ருசி, அவருக்கு இன்னொரு துண்டு வைங்க எண்டு சொல்றா" என்று ஜவுபர் பெயர்ப்பான். அவள் தொடையில் கிள்ளுவாள். அதை அவன் பெயர்ப்பதில்லை.

இனிக் குரவையைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால், சுன்னத்துக் கலியாணம் என்றால், பிள்ளை பிறந்தால், பெண்கள் நாக்கை வாய்க்குள் இடமும் வலமுமாக அடித்து அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற கூவல் அது. மருதமுனைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அந்தக் கரையில் சோனகர் ஊர், தமிழர் ஊர் எல்லாவற்றுக்கும் பொது. அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. ஒருத்தி குரவை எழுப்பினால் காதில் விழுந்த மற்றப் பெண்கள் பதில் குரவை கொடுத்தே ஆகவேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றவள் அந்த வீட்டு நன்மையில் எரிச்சல் படுகிறாள் என்று பொருளாகிவிடும்.

சபூறாவுக்கு அந்தப் பல் முளைத்தது பதினெட்டு வயதில். பல் முளைத்து ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டில் சுன்னத்துக் கலியாணம் வந்தது. அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக வாயைத் திறந்து மூடுகிறவள், அன்று என்ன நினைத்தாளோ, முழுமூச்சோடு குரவையிட்டாள். ஓட்டையால் புகுந்த காற்று அந்தப் பல்லில் பட்டுப் பிளந்தது. கீழே கனத்த கூவல் ஒன்று, மேலே மெல்லிய சீழ்க்கை ஒன்று, ஒரே வாயிலிருந்து இரண்டு குரல் சேர்ந்து எழுந்தன. வீட்டிலிருந்த பெண்கள் பதில் கொடுக்க மறந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தெற்கே பாண்டிருப்பிலும் வடக்கே நீலாவணையிலும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். நீலாவணைவரை போய் விசாரித்தவர் யாரும் இல்லை.

அன்றோடு மூக்குச் சபூறா போய், குரவைச் சபூறா வந்தாள். கலியாண வீட்டுக்காரர் வெற்றிலை அடுக்கிய பித்தளை வட்டாவை ஏந்தி அவள் வீட்டுக்குத் தனியாக வந்து கலியாணத்துக்குச் சொன்னார்கள். முதல் குரவை அவளுடையது என்றானது. அவள் தொடங்குமுன் வேறு எவளும் வாய் திறப்பதில்லை. முதல் குரவை கேளாமல் மாப்பிள்ளை வாசல் தாண்டுவதுமில்லை. ஒரு சொல் சொன்னால் மூன்று தரம் "என்ன?" என்று கேட்ட அதே ஊர், அந்த ஒரு சத்தத்துக்காகப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்து நின்றது. பதினாறு வருடம் அப்படி நின்றது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் ஜவுபர்தான் பெயர்க்கவேண்டியிருந்திருக்கும்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு நோன்பு மாதத்தில் அந்தப் பல் பழுதாகத் தொடங்கியது. சாப்பிடுவதெல்லாம் ஓட்டையில் அடைந்து, பல்லைச் சுற்றிச் சீழ் வைத்தது. சீழ் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியுமா என்று ஜவுபர் பள்ளிவாசலுக்குப் போய் லெப்பையிடம் கேட்டான். லெப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு, கிதாபைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பெருநாள் வந்துவிட்டது, அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சபூறாவின் மூக்கடியும் ஒரு பக்கக் கன்னமும் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது.

முதலில் ஒஸ்தா மாமாவைக் கூட்டிவந்தார்கள். ஊரில் முடி வெட்டுவது, சுன்னத்து வைப்பது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாம் அவர் கைதான். அவர் அவளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கைவிளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு விளக்கைக் கீழே வைத்தார்.

"ஜவுபர், நான் கீழ இருந்து மேல இழுப்பன், மேல இருந்து கீழயும் இழுப்பன். இது மூக்குக்குள்ள போய்க் குந்தியிருக்கு. இதை இழுக்கிறதெண்டா நான் ஆகாயத்தில நிக்கணும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ மனே."

சபூறா முடியாது என்று தலையை ஆட்டினாள். அவளுடைய கூடப்பிறந்த ராத்தா அஸீஸாவின் மகள் சுல்பிகாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம் வைத்திருந்தார்கள். சுல்பிகா அவள் மடியில் வளர்ந்த பிள்ளை. சபூறாவுக்குப் பிள்ளை இல்லை. பதினாறு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் குரவையிட்டவள், தன் பிள்ளையாக நினைத்தவளுக்குக் குரவையிடப் போகிற நாளுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அதற்கு முன் பல்லில் எவரும் கைவைக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். ஜவுபர் அதைக் கேட்டான், ராத்தா பக்கம் திரும்பினான். "நாளைக்கே போவமாம்" என்றான்.

கல்லாறு, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டி, கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கும்வரை சபூறா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சன்னலைப் பார்த்திருந்தாள்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் அருளப்பு யாழ்ப்பாணத்தார். மெலிந்த மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அவருடைய அறைக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவில் ஓர் அரைச்சுவர்தான் இருந்தது. அவர் எக்ஸ்ரே படம் பிடிக்கச் சொல்லி அனுப்பினார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தனக்குள் சீழ்க்கை அடித்துக்கொண்டார்.

"கன காலமா இருக்கிற பல்லுப் போலை. அண்ணம் வெடிச்ச ஆக்களுக்கு இப்பிடி மிச்சப் பல்லு முளைக்கிறதுதான். ஆனால் இந்தளவு பிழையான இடத்திலை நான் காணேல்லை. எடுக்கத்தான் வேணும். என்ன சொல்லுறியள்?"

பல்லை எடுத்தால் குரவை போய்விடுமா என்று சபூறா கேட்டாள். டொக்டர் ஜவுபரைப் பார்த்தார்.

"வலி போயிருமா எண்டு கேக்கிறா" என்றான் ஜவுபர்.

சபூறா இல்லை என்று கதிரையின் கையில் தட்டினாள். குரவை, குரவை என்று இரண்டு தரம் சொன்னாள். டொக்டர் பணிவாக, "என்ன?" என்றார்.

"கெதியா எடுக்கச் சொல்றா, டொக்டர்" என்றான் ஜவுபர். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பத்து நாளாக அவள் வலியில் முனகியதைக் கேட்டுக்கொண்டு தறியில் இருந்தவன் அவன். அவனுக்குக் குரவையும் வேண்டாம், ஊரும் வேண்டாம், அந்த முனகல் நின்றால் போதும் என்றிருந்தது.

சபூறாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கணவன் பெயர்க்கமாட்டான், டொக்டருக்கு விளங்காது. அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வீங்கிய வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, அந்த அறைக்குள்ளேயே குரவையிட்டாள்.

டொக்டரின் கையிலிருந்த கண்ணாடிக் கம்பி தட்டில் விழுந்தது. அரைச்சுவருக்கு அப்பால், வீரமுனையிலிருந்து காலில் புண்ணோடு வந்து படுத்திருந்த தெய்வானை என்ற பெண், என்ன நன்மை, யார் வீட்டு நன்மை என்று ஒன்றும் தெரியாமலே, சட்டத்தை மீறக்கூடாதென்று படுத்தபடியே பதில் குரவை கொடுத்தாள். அவளைத் தொடர்ந்து அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில். காய்ச்சல்காரி, கை முறிந்தவள், நேற்றுத்தான் வயிறு வெட்டித் தைத்தவள் எல்லாரும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். கம்பவுண்டர் மருந்துக் குப்பியோடு வெளியே ஓடிவந்தார். தலைமைத் தாதி வந்து, ஆருக்குப் பிள்ளை பிறந்தது, ஏன் பல் அறைக்குள் பிறந்தது என்று கேட்டாள்.

டொக்டர் அருளப்புவுக்குக் கோபம் வரவில்லை. அவர் கம்பியைக் கழுவி எடுத்துக்கொண்டு சபூறாவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"இன்னொருக்கா போடுங்கோ பாப்பம். மெதுவா."

குரவையை மெதுவாகப் போட முடியாது என்று சபூறா சொன்னாள். இதை மட்டும் ஜவுபர் உள்ளபடி பெயர்த்தான். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, அவள் முதலில் கேட்டதையும் உள்ளபடி சொன்னான்.

டொக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அந்த ரெண்டு சத்தமும் வாறது இந்தப் பல்லாலைதான். பல்லை எடுத்து ஓட்டையையும் மூடினால் அது இராது. வேறை சத்தம் வருமோ வராதோ, நான் பொய் சொல்ல மாட்டன். எனக்குப் பல்லுத்தான் தெரியும், குரவை தெரியாது."

கலியாணம் முடியும்வரை பொறுக்கலாமா என்று அவள் கேட்டாள்.

"சீழ் கலியாணத் திகதி பாத்துக்கொண்டு நிக்காதம்மா. கண்ணுக்கு ஏறலாம், மூளைக்கும் ஏறலாம்."

முதலில் வீக்கம் வற்றவேண்டும் என்று வார்டில் வைத்து ஊசி போட்டார்கள். ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் சபூறா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில் தெய்வானைக்கு விஷயம் எல்லாம் ஜவுபர் மூலம் தெரிந்துவிட்டது. முதல் மூன்று நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே பெரிய காரியம். நாலாம் நாள் புண்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இஞ்ச பாருகா. நீ இல்லாமப் போய்ப் பல்லு மட்டும் இரிந்தா, அந்தப் பல்லுத் தனிய எழும்பிக் கலியாண வீட்டுக்குப் போய்க் குரவை போடுமாகா?"

சபூறா திரும்பிப் படுத்தாள். ஒரு பல் தன்பாட்டில் வட்டா வாங்கிக்கொண்டு, பந்தலுக்குள் போய் முன்வரிசையில் நிற்பதை நினைத்தாள். வாய் வலித்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு அழுதாள். அழுது முடிந்ததும் எழுந்து போய், அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, டொக்டரிடம் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னாள். அந்த ஒருமுறை அவள் எவரையும் பெயர்க்க விடவில்லை.

அண்ணத்தை மரக்கச் செய்து, தசையை மடலாக வெட்டித் திறந்து, சின்ன உளியால் எலும்பைத் தட்டித் தட்டி எடுத்தார் டொக்டர். நோவு இல்லை, சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. சபூறா அதைத் தறி அடிக்கிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். வளைந்த வேரோடு பல் வெளியே வந்தது. டொக்டர் ஓட்டையைத் துப்புரவாக்கும்போது கம்பி மறுபடி எதிலோ முட்டியது. முதல் பல்லின் முதுகுக்குப் பின்னால், படத்தில்கூட முகம் காட்டாமல், ஒரு நெல்மணி அளவில் இன்னொரு பல் ஒளிந்திருந்தது. அதையும் எடுத்து, இரண்டு பக்கத் தசையையும் இழுத்துச் சேர்த்து ஓட்டையைத் தைத்து மூடினார்.

வெளியே நின்ற ஜவுபரிடம் இரண்டையும் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி நலமா என்று கேட்டுவிட்டு, அவன் குப்பியை நெடுநேரம் பார்த்தான்.

"அப்ப முப்பத்திநாலா? ரெண்டு தரம் எண்ணினனே" என்றான்.

இரண்டு கிழமை கதைக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, ஊதக் கூடாது, கஞ்சி மட்டும். குரவையைப் பற்றி டொக்டர் தனியாக ஒரு விரலைக் காட்டி எச்சரித்தார். சபூறா ஒன்றும் பேசாமல் ஊருக்கு வந்தாள். ஜவுபர் தன் உத்தியோகத்தை விடவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அவளுடைய மௌனத்தைப் பெயர்த்தான். "உங்களக் கண்டது சந்தோஷமாம், ஆனா களைப்பாம்." உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போகவேண்டும் என்பதால் இரண்டு பல்லையும் கொல்லையில் முருங்கைக்குக் கீழே புதைத்தார்கள். ஊதுபத்தி கொளுத்தவேண்டுமா என்று அவன் கேட்டதற்கு அவள் முறைத்தாள். அதைப் பெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

தையல் ஆறியது. தேத்தண்ணீர் மூக்கால் வராமல் நேராக உள்ளே இறங்கியது. முதல் நாள் அது அவளுக்கே திகைப்பாக இருந்தது; கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, போனது எங்கே என்று பார்த்தாள். கதைக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அவள் அதிகம் கதைக்கவில்லை. கொட்டிலில் கை, கண். வீட்டில் ஜவுபரோடு இரண்டொரு சொல். அவன் வழக்கம்போல விளங்கிக்கொண்டான். ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டால், இல்லை, முன்போலத்தான் என்பான். அவனுக்குத்தான் முன்பும் எல்லாம் விளங்கியதே.

குரவையை மட்டும் அவள் தொடவில்லை. கடற்கரைக்குப் போய்ப் போட்டுப் பார்க்கலாம், தறிகள் அடிக்கிற நேரம் போட்டுப் பார்க்கலாம். பார்க்கவில்லை. போட்டுப் பார்த்து இல்லை என்று தெரிந்தால் அது இல்லைதான். பார்க்காதவரைக்கும் இருக்கலாம். இந்தக் கணக்கில் பிழை இருப்பது அவளுக்கும் தெரியும். இரண்டு வீட்டுக்காரர் வட்டா கொண்டுவந்தார்கள். இரண்டையும் சுகமில்லை என்று திருப்பி அனுப்பினாள். ஊர், சபூறாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெருமை என்றது. மூக்குச் சபூறா என்ற பழைய பேர் எங்கோ ஒரு வாயில் மறுபடி எழுந்ததும் அவள் காதுக்கு வந்தது. அன்று அவள் சோறு உண்ணவில்லை.

ராத்தா வீட்டு வட்டாவைத் திருப்ப முடியாது. அஸீஸா அதைக் கையில் கொடுக்கவில்லை, மடியில் வைத்துவிட்டுப் போனாள். கலியாணத்துக்கு முதல்நாள் சுல்பிகா மருதோன்றிக் கையோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"சாச்சி, குரவை வராட்டியும் பரவாயில்ல. நீங்க முன்னுக்கு நிண்டாப் போதும்" என்றாள்.

அது சபூறாவுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. சும்மா நிற்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கலியாணம் அஸர் தொழுகைக்குப் பிறகு. கல்முனைக்குடியிலிருந்து மாப்பிள்ளை றபான் மேளம் அடித்து, பைத் பாடி, வெள்ளைக் குடைக்குக் கீழே வந்தார். பெண் வீட்டுப் பந்தலில் ஆண்களும் பெண்களும் நடுவில் ஒரு வெள்ளைத் துணியால் பிரிக்கப்பட்டிருந்தார்கள். துணிக்கு இந்தப் பக்கம் ஐம்பது அறுபது பெண்கள், முன்வரிசையில் சபூறா. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றதும் றபான் நின்றது. எல்லாப் பெண்களும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார்கள். சபூறா, யா அல்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தாள்.

வந்தது. தடங்கலில்லாமல், முழுதாக, உருண்டு வந்தது. ஒரு கூவல். ஒன்றே ஒன்று. மேலே சீழ்க்கை இல்லை, இரண்டாவது குரல் இல்லை. ஊரில் எந்தப் பெண்ணும் போடக்கூடிய நல்ல, சாதாரணக் குரவை.

அவள் கண்ணைத் திறந்தாள். ஒருவரும் பதில் கொடுக்கவில்லை.

"ஆரகா அது, சபூறா தொடங்க முந்தி?" என்று பின்னாலிருந்து அஸீஸா அதட்டினாள். இளம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, நானில்லை, நானில்லை என்றார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் காட்டிக்கொடுத்தாள். வாசலில் மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிவிட்டு, ஏதோ பிழைத்துவிட்டது என்று மறுபடி கீழே வைத்தார்.

சபூறா மறுபடி குரவையிட்டாள். இம்முறை இன்னும் பலமாக.

"நாணம் கெட்டதுகள். அவ போடுமட்டும் பொறுக்க ஏலாதா?" என்றாள் அஸீஸா. பெண்கள் அறுபது பேரும் இழுத்த மூச்சை விடாமல் சபூறாவின் வாயையே பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் காதில் பதினாறு வருடமாக இருந்த சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர்கள் நின்றார்கள். கண்ணெதிரே அவள் வாய் திறந்து மூடியதைக் கண்டவர்களும் தங்கள் காதைத்தான் நம்பினார்கள். குடைக்குக் கீழே மாப்பிள்ளைக்கு வியர்த்தது. துணிக்கு அப்பால் ஆண்கள், என்ன தாமதம், சபூறாவுக்கு என்ன, ஜவுபரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். ஜவுபர் துணிக்கு மேலால் தலையை நீட்டினான். வழக்கம்போல ஒரு கையை உயர்த்தி, எல்லாருக்கும் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, பெயர்ப்பதற்குத் தொண்டையைச் செருமினான்.

"போட்டது நான்தான்" என்றாள் சபூறா. "ரெண்டு தரமும் நான்தான் போட்டன். பல்லு இல்ல, இனி இப்பிடித்தான் கேக்கும்."

பந்தலில் எவரும் "என்ன?" என்று கேட்கவில்லை. கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு கிழவிகூடத் தலையை ஆட்டினாள். ஜவுபர் உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துணிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். தான் சொன்னது எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று சபூறாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. போனதை நினைத்து அழுவதா, வந்ததை நினைத்துச் சிரிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள்.

முதலில் பதில் கொடுத்தவள் மணப்பெண். தலைகுனிந்து அறைக்குள் இருக்கவேண்டிய சுல்பிகா, தன் கலியாணத்துக்குத் தானே, வெட்கத்தை விட்டுக் குரவையிட்டாள். அதோடு அறுபது பேரும் அடக்கி வைத்த மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டார்கள். மாப்பிள்ளை படி ஏறினார். சபூறா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள். அந்த இரைச்சலில் தன்னுடைய குரல் எது என்று அவளுக்கே தெரியவில்லை.